இரண்டாவது எம்பல்

நண்பன் அனுப்பிய காணொளித் துண்டு பத்து விநாடிகூட ஓடாது. இடது பக்கவாட்டில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் ஜோனதன் குமிங்கா பந்தை வாங்குகிறார். பந்தைத் தரையில் ஒரே ஒரு தட்டு, இரண்டு எட்டு. தடுக்க வந்தவர் கையைத் தூக்குவதற்குள் பந்து வளையத்துக்குள் அறைந்து இறங்கிவிடுகிறது. கீழே நண்பன் ஒரு வரி எழுதியிருந்தான்: “இப்படி எம்புற ஒருத்தனை பெஞ்ச்ல உட்கார வைக்க எப்படிடா மனசு வருது?”

நாலு வருடமாக எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் இது. ஆட்டம் பார்க்கிற எங்கள் கூட்டத்தில் குமிங்கா பெயரை யாராவது எடுத்தால் போதும், அன்றைய ஆட்டமே மறந்துபோகும். ஒருவன் “உடம்பு மட்டும்தான் இருக்கு, மூளை இல்லை” என்பான். அந்தச் சொல் எனக்கு எப்போதும் கோபத்தை வரவழைக்கும். இன்னொருவன் “வயசு இருக்குல்ல, விடு” என்பான். நண்பன் மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே கட்சி: அவனை ஆட விடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

நானும் முதலில் அந்தக் கட்சிதான். என்பிஏ அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஏழாவது தேர்வாக அவரை எடுத்தபோது அவருக்கு வயது 18. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரத்தில் பிறந்து, 2016இல் அமெரிக்கா வந்தவர். கல்லூரிக்குப் போகாமல், என்பிஏவுக்கு அடுத்த நிலை லீகான ஜி லீகில் இக்னைட் அணிக்காக 13 ஆட்டம் ஆடி, சராசரியாக 15.8 புள்ளி எடுத்திருந்தார். தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் த்ரீ பாயின்டர் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஆனால் அந்த உடம்பைப் பார்த்தவர்கள் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறரை அடிக்கு மேல் உயரம், கட்டுமஸ்தான தோள், ஓடி வந்து எம்பினால் இறங்கவே மனமில்லாதவர்போல ஒரு மிதப்பு. இந்த வயதில் இப்படி என்றால் இருபத்து நான்கில் எப்படி இருப்பார் என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். நானும் போட்டேன்.

என் மனது மெல்ல மாறியது, முழுக்க மாறவும் இல்லை. எதனால் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

“அத்லெடிக்” என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறோம்: ஓடி வந்து எம்பும் உயரம். படம் பிடிக்க வசதியானதும் அதுதான். ஆனால் குமிங்காவைப் போல வளையத்தடியிலும் பக்கவாட்டிலும் ஆடும் ஃபார்வர்டின் உடம்பிடம் ஆட்டம் கேட்பது இன்னும் எத்தனையோ. நின்ற இடத்திலிருந்து எம்ப வேண்டும். பக்கவாட்டில் மூன்று எட்டு சறுக்கி, இடுப்பைத் திருப்பி, எதிராளியோடு ஓட வேண்டும். முழு வேகத்தில் ஓடி வந்து சட்டென்று நிற்க வேண்டும். இந்த நிற்பதை யாரும் கொண்டாடுவதில்லை. சாண்டா பார்பராவில் பி3 என்ற ஆய்வுக்கூடம் என்பிஏ ஆட்டக்காரர்களின் அசைவுகளை அளக்கிறது. லூகா டோன்சிச் போன்றவர்களிடம் அவர்கள் கண்ட பெரிய பலம் வேகத்தை அடக்கும் திறமைதான். மெதுவான ஆள் என்று எல்லோரும் சொன்ன டோன்சிச் ஏன் யாருக்கும் பிடிபடவில்லை என்பதற்கு அதில் பாதி பதில் இருக்கிறது. அவர் நின்றுவிடுவார், காவலுக்கு வந்தவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பக்கம், பின்னாளில் பெரும் நட்சத்திரமான கெவின் டுரான்ட். 2007 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு பாரத்தை ஒரு முறைகூட அவரால் தூக்க முடியவில்லை. அதை வைத்து அன்று எவ்வளவு பேச்சு! அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பாரம் அவருக்கு எந்த ஆட்டத்திலும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு நேரடியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மாணவப் பருவத்தில் நானும் ஃபார்வர்டாக ஆடியவன். எங்கள் கோச் ஒரு பயிற்சி வைப்பார். வளையத்துக்குப் பின்னால் இருக்கும் போர்டில் பந்தை வீச வேண்டும்; எம்பி, பிடிக்காமல் விரலால் தட்டித் திரும்பப் போர்டுக்கே விட வேண்டும்; கால் தரையில் பட்டதும் மறுபடி எம்பித் தட்ட வேண்டும். முழங்காலை மடக்கி மூச்செடுக்க நேரம் கிடையாது. முதல் தட்டு எல்லோருக்கும் வரும். இரண்டாவது வரும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். எங்கள் அணியில் மிக உயரமாக எம்புகிறவன் ஒருவன் இருந்தான். அவன் தரையில் இறங்கியதும் குதிகால் முழுதாகப் பதியும், முழங்கால் மடங்கும், கை கீழே போகும், பிறகுதான் எழுவான். அவனைவிட நாலு விரற்கடை குறைவாக எம்பும் இன்னொருவன், பாதத்தின் முன்பகுதி பட்டும் படாமல் தெறித்து மறுபடி மேலே போய்விடுவான். கையைக் கீழே இறக்கவே மாட்டான். ஆட்டத்தில் ரீபவுண்ட், அதாவது உள்ளே விழாமல் தெறிக்கும் பந்து, எல்லாம் இவனுக்குத்தான். கோச் இதை “இரண்டாவது எம்பல்” என்பார். முதல் எம்பல் பிறவியில் வந்தது, இரண்டாவதைப் பழகித்தான் பிடிக்கணும் என்பார்.

என்பிஏவில் டென்னிஸ் ராட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன்கள் ரீபவுண்டில் முதலிடத்தில் இருந்தார். 6 அடி 7 அங்குலம்தான். அவர் வளையத்துக்கு மேலே பறந்து பிடித்த ரீபவுண்டுகளைவிட, ஒரு தட்டு, இன்னொரு தட்டு, மூன்றாவதில் பிடி என்று எடுத்தவைதான் என் கண்ணில் நிற்கின்றன. கூடவே, யார் எறிந்தால் பந்து எப்படிச் சுழலும், எங்கே தெறிக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் படித்து வைத்திருந்தார். அதனால் மற்றவர்களுக்கு முன்பே கிளம்பிவிடுவார்.

முன்பே கிளம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த இயற்பியல்தான். 40 அங்குலம் எம்புகிறவர் உச்சியைத் தொட ஏறக்குறைய 0.45 விநாடி ஆகும். 36 அங்குலம் எம்புகிறவருக்கு 0.43. சரி, இந்த 36 அங்குலக்காரர் விநாடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் கிளம்பினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவரின் கால் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் இவர் ஏற்கெனவே ஓர் அடிக்கு மேல் உயரத்தில் இருப்பார். நாலு அங்குலம் கூடுதலாக எம்பும் வரம், கண் இமைக்கும் நேரம் தாமதித்தால் காணாமல் போகிறது. தாளை நண்பனிடம் காட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ குமிங்கா லேட்டா கிளம்புறான்னு சொல்றியா?” என்றான்.

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். அந்த உடம்போடு 2023–24 சீசனில் அவர் எடுத்த ரீபவுண்ட் ஆட்டத்துக்கு 4.8. எதிரணி எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது அவர் பெரும்பாலும் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அருகில் நிற்கும் ஆளைத் தேடி முதுகால் மறிக்க மாட்டார். எங்கே விழும் என்று தெரிந்த பிறகு எம்புவார். எம்பினால் எல்லோரையும்விட உயரம்தான், ஆனால் பந்து அதற்குள் வேறொருவர் கையில் இருக்கும்.

ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டு, பந்தைப் பின்தொடராமல், குமிங்காவின் கால்களை மட்டும் பார்த்தபடி முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நண்பர்கள் யாராவது ஒரு ஆட்டக்காரரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன். வாரியர்ஸ் ஆட்டம் நிற்காத ஆட்டம். அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவார். ஒருவர் காவல்காரரை உடம்பால் மறித்து ஸ்கிரீன் வைப்பார், இன்னொருவர் பின்பக்கமாக வளையத்துக்கு வெட்டிப் பாய்வார். பந்து கையில் அரை விநாடி தங்கினால் அதிகம். குமிங்காவிடம் பந்து வரும். இரு கையாலும் பிடித்து இடுப்புக்குக் கொண்டுவருவார். இடது காலை முன்னால் குத்துவார், திரும்ப எடுப்பார், மறுபடி குத்துவார். எதிராளியை எடைபோடுகிறார். ஒருவரை ஒருவராக எதிர்கொள்ளும் ஆட்டத்தில் இது நல்ல பழக்கம். ஆனால் அவர் அப்படி எடைபோடும் நேரத்தில், மறுபக்கம் கரிக்காகத் திறந்த கதவு மூடிவிடும். கால்களை மட்டும் பார்த்ததால்தான் எனக்கு அது தெரிந்தது. அந்தப் பாதங்கள் சோம்பேறியின் பாதங்கள் இல்லை. என்ன செய்வது என்று யோசிக்கிற பாதங்கள். ஆட்டமோ யோசிக்க இடம் தராது.

அதே அணியில் டிரேமண்ட் கிரீன் இருந்தார். 2012இல் 35வது தேர்வு. உயரம் போதாது, எம்பல் போதாது, எந்த இடத்துக்கும் பொருந்த மாட்டார் என்றார்கள். 2017இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். எதிரணி என்ன ஆடப்போகிறது என்று அவர்களுக்கு முன்பே கத்திச் சொல்லிவிட்டுப் போய் நிற்கிற ஆள் அவர். கிரீனுக்குப் பக்கத்தில் குமிங்கா ஆடியபோது ஒரே அணியில் இருவேறு கடிகாரங்கள் ஓடுவதுபோல எனக்குத் தோன்றியது. கிரீனின் கண் குமிங்காவுக்கு வந்தால், அல்லது குமிங்காவின் கால் கிரீனுக்கு இருந்தால் என்று நாங்கள் எத்தனை முறை பேசியிருப்போம்!

நண்பனின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கிவிட முடியாது. “கண்ணு எப்படிடா வரும், ஆடாம?” என்று கேட்டான்.

யானிஸ் ஆண்டெடோகூன்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் 15வது தேர்வு. கிரீஸின் இரண்டாம் பிரிவு லீகிலிருந்து வந்தவர். முதல் சீசனில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான். ஆனால் 77 ஆட்டம் ஆடினார், ஆட்டத்துக்கு 24 நிமிடத்துக்கு மேல். எப்படிக் கிடைத்தது அந்த நேரம்? அந்த சீசனில் மில்வாக்கி பக்ஸ் 82 ஆட்டத்தில் வென்றது வெறும் 15. தோற்பதற்கென்றே அமைந்ததுபோல ஓர் ஆண்டு. அங்கே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பந்தைத் தொலைத்தால் யாரும் அவனை வெளியே இழுக்கவில்லை. அடுத்த முறையும் அவன் கையில்தான் பந்து. 2021 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அவர் 50 புள்ளி எடுத்துக் கோப்பை வென்றபோது, எனக்கு அந்த 15 வெற்றி ஆண்டு நினைவுக்கு வந்தது.

குமிங்கா வந்து சேர்ந்த இடமோ இதற்கு நேர் எதிர். அவருடைய முதல் சீசனிலேயே, 2022இல், வாரியர்ஸ் கோப்பையை வென்றது. 19 வயதில் சாம்பியன் மோதிரம் கிடைத்தது, தவறு செய்ய அனுமதி கிடைக்கவில்லை. கரியின் கடைசி நல்ல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தோல்விக்கும் விலை இருந்தது. கரியோடு கோப்பைகளைத் துரத்திக்கொண்டே அடுத்த தலைமுறையையும் வளர்த்துவிடலாம் என்பது அணியின் திட்டம். ஒரே அடுப்பில் இரண்டு பானை வைத்தார்கள். 2020இல் இரண்டாவது தேர்வாக வந்த ஜேம்ஸ் வைஸ்மனை 2023இல் அனுப்பிவிட்டார்கள். குமிங்கா மிச்சமிருந்தார்.

ஒரு திறமை மலர்வதில் சேர்ந்த இடத்துக்கு எவ்வளவு பங்கு என்று யோசிக்கும்போது கவாய் லெனர்டும் நினைவுக்கு வருவார். 2011இல் அவரும் 15வது தேர்வுதான். கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் த்ரீ பாயின்டர் 29 சதவீதம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் சிப் எங்கலண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர் அவருடைய எறியும் கையைத் திருத்தினார். பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் விடும் பழக்கத்தை மாற்றி, முன்னால் கொண்டுவந்தார். முதல் என்பிஏ சீசனிலேயே 37 சதவீதத்தைத் தாண்டியது. 2014இல் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். ஜெய்லன் பிரவுனை 2016இல் மூன்றாவது தேர்வாக எடுத்ததும் பாஸ்டன் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். 2024 இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் கையில் வாங்கும்போது அந்த ரசிகர்கள்தான் கொண்டாடினார்கள்.

இந்த உதாரணங்களை மட்டும் அடுக்கினால் நான் பொய் சொன்னவனாவேன். யானிஸ் வந்த அதே 2013 டிராஃப்டின் முதல் தேர்வு ஆண்டனி பென்னட். அவரும் இளம் ஃபார்வர்ட்தான், அவருக்கும் உடம்பு இருந்தது, நேரமும் வாய்ப்பும் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளில் கிடைத்தன. நான்கு சீசனில் என்பிஏ வாழ்க்கை முடிந்துவிட்டது. இளமையும் உடம்பும் எதற்கும் உறுதி தருவதில்லை. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள் என்பார்கள் அனுபவசாலிகள். யாரும் தடுக்காத அந்த எறிதலில்தான் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரியும். குமிங்காவின் ஃப்ரீ த்ரோ 2023–24இல் நான்கில் மூன்று என்ற அளவுக்கு ஏறியது. அடுத்த சீசனில் மூன்றில் இரண்டாக இறங்கியது. ஏறினால் நண்பன் செய்தி அனுப்புவான், இறங்கினால் நான்.

2024 ஜனவரியில் டென்வரோடு நடந்த ஆட்டம் எங்கள் இருவருக்குமே மறக்காது. வாரியர்ஸ் ஒரு கட்டத்தில் 18 புள்ளிவரை முன்னிலையில் இருந்தது. 19 நிமிடத்தில் 16 புள்ளி எடுத்திருந்த குமிங்காவை வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் உட்கார வைத்தார். கடைசி 18 நிமிடம் அவர் எழவே இல்லை. முன்னிலை கரைந்து, கடைசி விநாடியில் டென்வரின் நிகோலா யோகிச் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்து எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. கோச் மீதே குமிங்காவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அடுத்த நாள் செய்தி வந்தது. பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருக்கும் இருபத்தோரு வயது இளைஞனின் முகத்தை நினைத்து எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது. தாமதமாகக் கிளம்புகிறார் என்று சொல்கிற நானேதான் சொல்கிறேன்: அன்று அவரை ஆட்டத்திலிருந்து எடுத்தது தவறு. அதன் பிறகு அவருக்கு நேரம் கூடியது. அந்த சீசனை 16.1 புள்ளி சராசரியோடு முடித்தார்.

அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் தொடர்ந்து இரண்டு ஆட்டத்தில் 34 புள்ளி. இதோ வந்துவிட்டார் என்று நண்பன் துள்ளிக்கொண்டிருந்தபோது, ஜனவரி தொடக்கத்தில் கணுக்கால் பிசகி 31 ஆட்டம் போயிற்று. திரும்பி வருவதற்குள் ஜிம்மி பட்லர் அணிக்கு வந்திருந்தார். பட்லர், கிரீன், குமிங்கா என்று தூரத்திலிருந்து எறியத் தயங்கும் மூவரை ஒன்றாக நிறுத்தினால் எதிரணி வளையத்தடியிலேயே கூட்டம் போட்டு நின்றுவிடும். கரிக்கு மூச்சுவிட இடமிருக்காது. அது கணக்கு, அதை நான் மறுக்க முடியாது. ஏப்ரலில் மெம்பிஸோடு, பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைவதற்கான பிளே-இன் ஆட்டம், அவர் இறங்கவில்லை. பிளேஆஃபில் ஹூஸ்டனோடு முதல் ஆட்டம், இறங்கவில்லை.

பிறகு மே மாதம், மினசோட்டாவோடு முதல் ஆட்டத்திலேயே கரியின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் குமிங்காவிடம் பந்து வந்தது. அடுத்த நான்கு ஆட்டத்தில் 18, 30, 23, 26 புள்ளி. வாரியர்ஸ் நான்கிலும் தோற்றது. நண்பன் இதைத் தன் கட்சிக்கான சாட்சியாக எடுத்தான். கரி இல்லாததால் ஆட்டம் நின்று ஆடும் ஆட்டமாக மாறிப்போனது, அவருடைய கடிகாரத்துக்கு அது பொருந்திவிட்டது என்றேன் நான். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

அந்த 30 புள்ளி ஆட்டத்தைச் சில வாரம் கழித்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். ஓர் ஒப்பந்தம்: குமிங்கா பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு விரலை மடக்க வேண்டும். அவர் யோசிக்காமல் கிளம்பும் ஒவ்வொரு முறையும் நண்பன் மடக்க வேண்டும். முதல் பாதியில் இருவரும் மும்முரமாக மடக்கினோம், ஒருவர் கையை மற்றவர் சரிபார்த்தோம். மூன்றாவது கால்பகுதியில் அவர் பந்தை வாங்கிய கையோடு தரையை உதைத்துப் பாய்ந்தார். நண்பன் எழுந்தே விட்டான். திரும்பி அவன் கையைப் பார்த்தேன், விரல்கள் விரிந்திருந்தன. என்னுடையவையும் எப்போது விரிந்தன என்று எனக்குத் தெரியவில்லை. “எத்தனைடா?” என்றான். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டோம்.